தூக்குப் போட மறுத்த பெர்னல்

எட்வர்டு அரசர் படகேறிக் கடல் தாண்டி ஓடிவிட்டார் என்றும், லண்டன் கோட்டையில் அடைபட்டிருந்த பழைய ஹென்றி அரசரை வெளியே கொண்டுவந்து நல்ல துணி உடுத்தி மறுபடி அரியணையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றும் செய்தி வந்த வாரத்தில்தான் பெர்னலின் செப்பு அண்டா காணாமல் போனது. எங்கள் வின்ஃப்ளீட்டில் எல்லாரும் அண்டாவைப் பற்றித்தான் பேசினார்கள். அரசர் மாறினால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் முடிந்தது. அண்டா போனால் ஊருக்குக் குடிக்க ஒன்றும் இல்லை.

கென்ட் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் துறைமுகம் எங்களுடையது. கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பு. பால் மறந்த பிள்ளை முதல் பாதிரியார் வரை குடிப்பது பார்லி மதுதான். அதைக் காய்ச்சுவதில் பெர்னலை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் புருஷன் மீன்பிடிக்கப் போன இடத்தில் கடலில் மூழ்கி இறந்துபோனான். பிறகு அந்த ஒரு அண்டாவை வைத்துத்தான் தன்னந்தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம்.

அன்று காலை அவள் தெருவுக்கு வந்து போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டது. கூக்குரல் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓட வேண்டும், அதுதான் சட்டம். ஓடாதவனுக்குத் தண்டனை உண்டு. நான் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். கசாப்புக்காரர் கத்தியோடு ஓடினார். பக்கத்து வீட்டு மேபிலி ஒரு கரண்டியோடு வந்தாள்.

திருடனைப் பிடிப்பதில் சிரமமே இருக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்ததால் அவன் அண்டாவைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடைக்கரைச் சேற்றில் நடந்துகொண்டிருந்தான். எதிரே ஊரே நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. நேராக வந்து கசாப்புக்காரர் வயிற்றில் மோதி நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா, கவனிக்கல," என்று அண்டாவுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

தூக்கிப் பார்த்தால், ஒல்லியான, செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன். காலில் செருப்பில்லை. சட்டை மார்பில் ஏதோ சின்னத்தைப் பிய்த்தெடுத்த இடம் மட்டும் நிறம் மங்காமல் இருந்தது. பெயர் வாட்கின். எட்வர்டு அரசரின் படையில் வில்லாளி. அரசர் ஓடிய பிறகு படை கலைந்துபோக, நார்ஃபோக்கில் இருக்கும் தன் ஊருக்குப் போக வழி தேடித் துறைமுகம் துறைமுகமாக அலைந்திருக்கிறான். கப்பல்காரன் சும்மா ஏற்றிக்கொள்ள மாட்டான் அல்லவா? அண்டாவைக் கொடுத்தால் ஏற்றிக்கொள்வான் என்று நினைத்தானாம்.

விசாரணை அன்றைக்கே ஊர் மண்டபத்தில் நடந்தது. ஊர்த் தலைவர் ஜெர்வஸ் நடுவில் உட்கார்ந்தார். தோல் வியாபாரி, நல்ல மனுஷர்தான், ஆனால் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். பன்னிரண்டு நடுவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவனிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சின்னப் பொருளைத் திருடியிருந்தால் ஒரு நாள் தொழுமரத்தில் காலை மாட்டி, அழுகிய முட்டைகோஸால் அடித்து அனுப்பியிருப்பார்கள். செப்பு அண்டா பெரிய பொருள். அதற்குத் தூக்குதான்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று ஜெர்வஸ் பெர்னலைக் கேட்டார்.

"தூக்குல போடுங்க! பொம்பளை தனியா இருக்கான்னு தெரிஞ்சு வீடு புகுந்தவனுக்கு வேற என்ன?"

"சரி. தீர்ப்பு ஆச்சு. எப்பம்மா போடப்போற?"

"யாரு?"

"நீதான். இந்த ஊர் வழக்கம் தெரியாதா? குத்தம் சாட்டினவங்கதான் தண்டனையை நிறைவேத்தணும். கயிறு ஊர்ச் செலவு. மத்தது உன் பாடு."

எங்கள் ஊரில் யாரையும் தூக்கிலிட்டே வெகு காலமாகியிருந்தது. முன்பெல்லாம் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து கூலிக்கு ஒரு ஆளைக் கூட்டிவருவார்கள். அவனும் எந்த அரசருக்காகவோ சண்டைக்குப் போய்விட்டான்.

"வேற யாராவது எனக்காகச் செஞ்சா ஒத்துக்குவீங்களா?" என்று பெர்னல் கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

"தாராளமா. ஆள் பிடிச்சிட்டு வா. அதுவரைக்கும் அண்டா ஊர்க்காவல்ல இங்கதான் இருக்கும், சாட்சிப்பொருள்."

அவள் வீடு வீடாகப் போனாள். காலையில் கம்பும் கத்தியுமாக ஓடியவர்கள் எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. கசாப்புக்காரர், "பன்னி வேற, மனுஷன் வேற பெர்னல். பன்னி என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டதில்ல," என்றார். எனக்குத் தோள்பட்டை வலி என்று நான் சொன்னேன். தோள்பட்டை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவளே தூக்குமரம் வரை போனாள். கடலோரத்தில் நிற்கும் அதன் ஏணியில் ஏறி, குறுக்குக்கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அங்கிருந்து கடல் தெரிந்தது. புருஷனின் உடல் கரை ஒதுங்கியபோது, நீலம் பாரித்த கழுத்தில் தன் தலைத்துணியைச் சுற்றிக் கட்டியது அவள்தான். ஒரு கழுத்தைத் தொட்டுக் கட்டுவது என்றால் என்னவென்று அவள் கைக்குத் தெரியும். இறங்கி வந்து நேராக ஜெர்வஸ் வீட்டுக்குப் போனாள்.

"என்னால ஆகாது. அண்டாவைக் குடுங்க, அவனை அடிச்சு விரட்டுங்க."

"அது முடியாதும்மா. நீ குத்தச்சாட்டை வாபஸ் வாங்கினா பொய்ச்சாட்டுன்னு ஆகும். உன்னைத்தான் கட்டிவச்சுச் சவுக்கால அடிக்கணும்."

"அப்ப என்னதான் செய்யறது?"

ஜெர்வஸ் தாடியைத் தடவினார். அவருக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. "வழக்கம் என்னன்னா, தூக்குப் போடவும் மாட்டேன், ஆளும் கிடைக்கலன்னா, போடச் சம்மதிக்கிற வரைக்கும் குத்தம் சாட்டினவங்க குத்தவாளிகூடவே சிறையில இருக்கணும்."

"யாரு போட்ட வழக்கம் இது? குடிச்சிட்டுப் போட்டானா?"

"குடிச்சுட்டுத்தான் போட்டிருப்பான். ஆனா போட்டுட்டானே."

பெர்னல் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, நூல் நூற்கும் தக்களியை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே நடந்து சிறைக்குப் போனாள். மேற்கு வாசல் கோபுரத்தின் அடியில் இருக்கும் கல் அறை அது. சன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு எங்கள் கணுக்கால்கள்தான் தெரியும். விதவையும் அந்நிய ஆணும் ஒரே அறையில் இருப்பதா என்று பாதிரியார் பியர்ஸ் குதித்தார். கடைசியில் நடுவில் ஒரு பழைய பாய்மரத் துணியைத் தொங்கவிட்டார்கள். வாட்கினின் காலுக்கு இரும்பு வளையமும் சங்கிலியும் போட்டார்கள்.

முதலில் சில நாட்கள் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் குறட்டை விட்டால் தக்களியால் துணியை அடிப்பாள். அவன் புரண்டு படுப்பான். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவளே கேட்டாள்: "ஊர்ல இத்தனை வீடு இருக்கே. என் அண்டாதான் கிடைச்சுதா?"

"கதவு திறந்திருந்துது, அம்மணி."

"திறந்திருந்தா புகுந்துடுவியா?"

"ரொட்டி இருந்தா எடுத்துட்டு ஓடலாம்னுதான் வந்தேன். அண்டாவுல என் மூஞ்சி தெரிஞ்சுது. அவ்வளவு தேய்ச்சு வச்சிருந்தீங்க. ரொம்ப நாள் கழிச்சு என் மூஞ்சியை அன்னைக்குத்தான் பார்த்தேன். பிச்சைக்காரன் மாதிரி இருந்துது. அம்மாகிட்ட இப்படிப் போய் நிக்கக் கூடாது, கப்பல்லயாவது போவோம்னு தோணிச்சு."

"ரொட்டி அலமாரியில இருந்துது."

"தெரியாமப் போச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன், மடையா."

"இப்பக் கேட்டாக் குடுப்பீங்களா?"

அவள் துணிக்குக் கீழே பாதி ரொட்டியைத் தள்ளினாள். காவல்காரர் இதை ஊரெல்லாம் சொன்னார்.

ஊர் நிலைமை இதற்குள் மோசமாகிவிட்டது. பெர்னல் இல்லாததால் மேபிலி காய்ச்சுவதை எல்லாரும் குடிக்க வேண்டியிருந்தது. மேபிலி தங்கமானவள். ஆனால் அவள் மது புளித்த மோர்போல இருக்கும், உள்ளே என்னென்னவோ மிதக்கும். மாலுமிகள் அடுத்த துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். கெட்ட மது விற்றதற்காக மேபிலியை நாற்காலியில் கட்டிக் குளத்தில் முக்க வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். அவள் இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள்.

"காய்ச்சத் தெரிஞ்சவளைச் சிறையில வச்சது நீங்க. முக்கறது என்னையா? நான் எப்பவாவது நல்லாக் காய்ச்சுவேன்னு சொன்னேனா?"

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜெர்வஸுக்கே வயிற்றுப்போக்கு வந்தது. எழுந்து நடமாட முடிந்ததும் அவர் சிறைச் சன்னலருகே வந்து குந்தினார்.

"பெர்னல், தயவுபண்ணி அவனைத் தூக்குல போட்டுடேன்."

"நீங்க போடுங்க."

"நான் ஊர்த் தலைவன்மா, எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

பாய்மரத் துணிக்குப் பின்னாலிருந்து வாட்கின் சொன்னான்: "ஐயா, சாட்சிப்பொருள் ஊர்க்காவல்ல இருக்கணும்னுதானே சொன்னீங்க? இந்த இடமும் ஊர்க்காவல்தானே?"

ஜெர்வஸுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அண்டா சிறைக்கு வந்தது. பின்னாலேயே விறகு, முளைகட்டிய பார்லி, பீப்பாய்கள் எல்லாம் வந்தன. அண்டா வைக்க இடம் வேண்டுமென்று பாய்மரத் துணியைக் கழற்றினார்கள். பாதிரியார் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் தாகம்.

வாட்கின் சங்கிலியை இழுத்துக்கொண்டே விறகு தள்ளினான், துடுப்பால் கிண்டினான். பெர்னல் அவனைத் திட்டியபடியே வேலை வாங்கினாள். "கிண்டச் சொன்னேன், குத்தச் சொல்லல! அது என்ன, எதிரியோட குதிரையா?" அவன் சிரிப்பான். அவன் அப்பா அம்பு செய்பவராம். அந்தப் பழக்கத்தில் அவன் கைக்கு எது கிடைத்தாலும் செதுக்குவான். விறகுக் கட்டையில் கோப்பைகள் செதுக்கி வரிசையாக வைத்தான். முதல் மது பதமானதும், தயார் என்று தெரிவிக்க ஒரு கம்பில் தழையைக் கட்டிச் சிறைச் சன்னல் வழியாக வெளியே நீட்டினாள் பெர்னல். ஊரே திரண்டு வந்தது. தெருவில் குந்தி உட்கார்ந்து, கம்பிகளுக்கு இடையே கோப்பைகளை வாங்கிக் குடித்தோம். அந்தக் குளிர்காலம்போல ஒரு சந்தோஷமான குளிர்காலத்தை நான் பார்த்ததில்லை. அடுப்புச் சூடு இருந்ததால் ஊரிலேயே கதகதப்பான இடம் சிறைதான். காவல்காரர் மனைவிமேல் கோபம் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்.

ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வாட்கின் சொன்னான்: "எனக்கு ஒரே ஒரு பயம்தான், அம்மணி. யாராவது ஒருத்தன் நான் தூக்குப் போடறேன்னு வந்துட்டா?"

"வரட்டும். எவனாவது வந்தா அவனுக்கு இனிமே சாகிற வரைக்கும் மேபிலி சரக்குதான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

வசந்தத்தில் எட்வர்டு அரசர் திரும்பி வந்தார். எங்கேயோ பனிமூட்டத்தில் பெரிய சண்டை, பிறகு இன்னொரு சண்டை. கென்ட் ஆட்கள் ஹென்றி அரசருக்காக லண்டன்மேல் படையெடுத்தார்கள். அப்போது காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்று நினைத்து ஜெர்வஸும் எங்கள் ஊரிலிருந்து சிலரை வில்லோடு அனுப்பிவைத்தார். லண்டன் கதவு திறக்கவில்லை. போனவர்கள் வில்லைப் போட்டுவிட்டு வேலியோரமாகவே ஓடி வந்து சேர்ந்தார்கள். அதோடு ஹென்றி அரசர் காலம் முடிந்தது.

பிறகு அரசரின் விசாரணை அதிகாரி குதிரைப்படையோடு கென்ட் முழுக்கச் சுற்ற ஆரம்பித்தார். எதிர்த்து நின்ற ஊர்களில் தலைகளைக் கோட்டை வாசலில் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். பணம் இருந்தவர்கள் பணத்தைக் கொடுத்துக் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அடுத்தது வின்ஃப்ளீட் என்று சேதி வந்த அன்று ஜெர்வஸ் வெளிறிப்போய்ச் சிறைக்கு ஓடிவந்தார். இவ்வளவு நாளும் 'டேய்' என்று கூப்பிட்டவர் அன்று வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"வாட்கின், தம்பி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் ஐயா."

"நீ எட்வர்டு மகாராஜாவோட வில்லாளிதானே? அவருக்காக ரத்தம் சிந்தினவன்தானே?"

"கொஞ்சம் சிந்தினேன். கையில."

"அந்தக் கையைக் காட்டு, கும்பிட்டுக்கறேன். தம்பி, குளிர்காலம் பூரா ஹென்றி ஆளுங்க கண்ல படாம உன்னைப் பத்திரமா வச்சிருந்தது இந்த ஊர்தான்னு அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

பெர்னல் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிஷம். இவன் தூக்குத் தண்டனைக் கைதி. கைதி எப்படிச் சாட்சி சொல்லுவான்? முதல்ல இவனுக்கு மன்னிப்பு. அப்புறம், குத்தம் சாட்டினவங்களே தூக்குப் போடணுங்கற வழக்கம் இன்னையோட ஒழியணும். இன்னொருத்தி இந்தத் துன்பப்படக் கூடாது. என் அண்டா என் வீட்டுக்கு வரணும்."

"அது நம்ம முப்பாட்டன் காலத்து வழக்கம்மா..."

"அப்ப அதிகாரிகிட்ட முப்பாட்டனைப் பேசச் சொல்லுங்க."

பன்னிரண்டு நடுவர்களும் அன்று மத்தியானமே கூடி எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் சம்மதித்தார்கள். கொல்லர் வந்து சங்கிலியை வெட்டினார். வளையம் இருந்த இடத்தில் கணுக்கால் புண்ணாகிக் கறுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எங்களில் பலருக்கு அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பெர்னல் அதில் வாத்துக் கொழுப்பைத் தடவிவிட்டாள்.

"நீ என்ன சொல்லப்போற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நடந்ததைத்தான் சொல்லுவேன், அம்மணி. பொய் சொல்ல எனக்கு வராது."

நடந்ததை அப்படியே சொன்னால் ஜெர்வஸின் தலை வாசலில் தொங்கும். வில்லெடுத்துப் போன என் மைத்துனன் தலையும் பக்கத்திலேயே தொங்கும்.

அதிகாரி வயதான பிரபு. கால்வீக்கத்தால் ஒரு காலை மணையில் நீட்டி வைத்துக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தார். முகத்தில் களைப்பு. வாட்கினை ஜெர்வஸின் நல்ல கோட்டில் முன்னால் நிறுத்தினார்கள்.

"எந்தப் பிரபுவோட படையில இருந்த?" என்று தொடங்கி, படைத்தலைவன் யார், சின்னம் என்ன, எந்தச் சண்டை என்று அதிகாரி கேட்டார். எல்லாவற்றுக்கும் வாட்கின் டக்டக்கென்று பதில் சொன்னான்.

"சரி, நம்ம ஆள்தான். இந்த ஊர்ல உன்னை எப்படி நடத்தினாங்க?"

வாட்கின் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"நான் பசியோட வந்து சேர்ந்த அன்னைக்கு, ஐயா, என்னைப் பார்க்க ஊரே ஓடி வந்துது. ஒருத்தர் பாக்கி இல்ல."

"ஓ."

"உடனே மண்டபத்துக்குக் கூட்டிட்டு வந்து, பெரியவங்க பன்னிரண்டு பேரும் உக்காந்து என்னைப் பத்தித்தான் பேசினாங்க. தங்கறதுக்குக் கல் கட்டடம் குடுத்தாங்க. குளிர்காலம் பூரா வாடகையே கேக்கல. நான் எங்கயும் போய் ஆபத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு ராத்திரி பகலா வாசல்ல காவல் போட்டாங்க. என்மேல ஒரு ஆளும் கை வைக்கல. வைக்கச் சொன்னப்பக்கூட யாரும் வைக்கல."

கசாப்புக்காரர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். ஜெர்வஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி குனிந்து வாட்கினின் கணுக்காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "அந்தத் தழும்பு?"

"ஊரை விட்டுப் போக முடியாதபடி பிடிச்சு வச்சிருந்தாங்க, ஐயா. அவ்வளவு பிரியம்."

அதிகாரியின் வாயோரம் லேசாகத் துடித்தது. "அந்தப் பொம்பளை யாரு? நீ வந்ததுல இருந்து உன்னையேதான் பார்த்துட்டு நிக்கறா."

"அவங்க பெர்னல். என் உயிர் இன்னைக்கு இருக்குன்னா அவங்களாலதான்." இதைச் சொல்லும்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

பெர்னல் முன்னால் வந்து அதிகாரியிடம் ஒரு கோப்பை மதுவை நீட்டினாள். அவர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு குடித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். ஜெர்வஸ் பதவி விலக வேண்டும். ஊர் அபராதம் கட்ட வேண்டும். வில்லெடுத்துப் போனவர்கள் தேவாலயத்தில் எல்லார் முன்னிலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறொன்றுமில்லை.

"போன ஊர்ல எல்லாம் ஆயிரம் பொய் கேட்டேன்," என்று எழுந்துகொண்டே வாட்கினிடம் சொன்னார். "நீ ஒண்ணுகூடச் சொல்லல, இல்ல?"

"இல்லீங்க."

"நல்ல பையன்."

அன்று ஊரில் நடந்த கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. ஜெர்வஸ் வாட்கினைக் கட்டிக்கொண்டு அழுதார். பதவி போனதில் அவருக்குத் துக்கமே இல்லை, தலை இருந்தது.

அடுத்த வாரம் நார்ஃபோக் போகும் கப்பல் ஒன்று வந்தது. கப்பல்காரர் ஒன்றும் கேட்காமல் வாட்கினை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். பெர்னல் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் துணியில் முடிந்து கொடுத்தாள். இரு என்று சொல்லவில்லை. "அம்மாவைப் பார்த்துட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"பார்த்துட்டு?" என்று அவன் கேட்டான்.

"கப்பல் கிளம்புது, போ."

கோடை முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை. எங்களுக்குக் கவலையாகிவிட்டது. பார்லி அறுப்பு முடிந்த சமயம், ஒரு வெயில் காலையில், மீன்கூடை ஏற்றிவந்த படகிலிருந்து வாட்கின் இறங்கினான். கையைப் பிடித்துக்கொண்டு குட்டையான ஒரு வயதான அம்மாளும் இறங்கினார்.

பெர்னல் வாசலில் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தோடு அப்படியே நின்றாள்.

"அம்மாவைப் பார்த்துட்டு வான்னு சொன்ன," என்றான் வாட்கின். முதல்முறையாக 'நீ' என்று பேசினான். "பார்த்துட்டு, கூட்டிட்டும் வந்துட்டேன்."

"நான் அப்படி முடிக்கவே இல்லையே."

"கப்பல்ல போறப்ப நானே முடிச்சுக்கிட்டேன்."

அவள் முறத்தால் அவன் தோளில் ஒன்று போட்டாள். பிறகு முகத்தைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் பாதிரியார் தேவாலயத்தில் அவர்கள் திருமண அறிவிப்பைப் படித்தார். தடை ஏதாவது உண்டா என்று கேட்டபோது, "அவன் திருடனாச்சே சாமி," என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. "கல்யாணத்துக்கு அது தடையில்ல," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போனார்.

வாட்கினின் அம்மா வந்திறங்கிய அன்றே, மூச்சு வாங்க உட்கார்ந்து, பெர்னல் கொடுத்த கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் உதட்டைச் சப்புக்கொட்டினார்.

"எங்க ஊர்ல இதைவிடக் கெட்டியாக் காய்ச்சுவாங்க."

பெர்னலின் கண் அகலமானது. கை இடுப்புக்குப் போனது. கோடை முழுக்கக் காணாமல் போயிருந்த அந்தப் பழைய குரல் திரும்பி வந்தது.

"கெட்டியாவா? கஞ்சியாக் குடிப்பீங்களா உங்க ஊர்ல?"

"ஆமா. குடிச்சுப் பாரு, அப்பத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் காலிக் கோப்பையை மறுபடி நிரப்பச் சொல்லி நீட்டினார்.